ஒரு நிமிடம் நின்று மூச்சை எண்ணுங்கள்

எந்த வார்டுக்கு வேண்டுமானாலும் போய், கட்டிலில் தொங்கும் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் 98.4, 99, 101 என்று ஏறி இறங்கும். நாடி 76, 92, 110 என்று மாறும். பிரஷரும் மாறும். மூச்சு மட்டும் எல்லாருக்கும் 18, இல்லாவிட்டால் 20. நிமோனியாவில் படுத்திருப்பவருக்கும் 20, நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகப்போகிறவருக்கும் 20. மற்ற எண்களை எல்லாம் ஒரு கருவி காட்டிவிடுகிறது, இதற்கு மட்டும் ஒரு ஆள் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. பயிற்சி மருத்துவராக ஒவ்வொரு துறையாகச் சுற்றிவரும் இந்தக் காலத்தில் கற்றுக்கொண்டதில் எது எங்களுக்கு உதவும் என்று ஜூனியர் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்தப் போஸ்டிங்காக இருந்தாலும் நோயாளியின் மூச்சை நீங்களே எண்ணுங்கள், முழுசாக ஒரு நிமிடம்.

போஸ்டிங் மாறும் நாள் மறுபடியும் முதல் நாள்தான். முந்தின நாள் வரை எந்த அலமாரியில் கேனுலா இருக்கும், எந்த ஃபாரத்தில் யார் கையெழுத்து வேண்டும், எந்தச் சீனியரிடம் எப்படிக் கேஸ் சொல்ல வேண்டும் என்றெல்லாம் தெரிந்துவைத்திருந்தவர், மறுநாள் காலையில் வேறொரு வார்டில் குளுக்கோமீட்டர் எங்கே என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மெடிசினில் ரவுண்ட்ஸ் மணிக்கணக்கில் நடக்கும், ஒருவருக்குச் சோடியம் ஏன் குறைந்தது என்று கட்டிலருகிலேயே ஒரு பாடம் முடிந்துவிடும். சர்ஜரியில் தியேட்டர் தொடங்குவதற்குள் ரவுண்ட்ஸை முடித்தாக வேண்டும், ஓட்டம்தான். லேபர் வார்டுக்குப் பகல் இரவு கிடையாது. கண், தோல், காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் ஒழுங்காகத் தூங்கி எழ முடிந்தது, அங்கே கற்றதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒரு வார்டு பிடிபடுகிற நேரத்தில் அடுத்ததற்கு அனுப்பிவிடுவார்கள். கற்றதில் பெரும்பகுதி அந்தந்தத் துறையோடு நின்றுவிடுகிறது. மூச்சை எண்ணுவது மட்டும் எல்லா இடத்துக்கும் என்னோடு வந்தது, ஒவ்வொரு இடத்திலும் அதற்குப் புதிதாக ஒரு அர்த்தம் இருந்தது.

எனக்கு அதை முதலில் காட்டியவர் ஒரு மெடிசின் சீனியர். வயிற்றுவலி, வாந்தி என்று ஓர் இளைஞர் வந்திருந்தார், கேஸ் ஷீட் முழுக்க வயிற்றைப் பற்றித்தான் எழுதியிருந்தது. சீனியர் வயிற்றில் கை வைக்கவில்லை. கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "நெஞ்சைப் பாரும்மா, எண்ணு" என்றார். ஆழமான மூச்சு, நடுவில் ஓய்வே இல்லை, நிமிடத்துக்கு 34. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் நுரையீரலில் ஒன்றும் இல்லை, ஆக்ஸிஜன் 99. நுரையீரல் நன்றாக இருக்கும்போது ஒருவர் இப்படி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது கீட்டோன் அமிலங்கள் சேரும். அந்த அமிலத்தைச் சமாளிக்க உடம்புக்கு உடனே கைகொடுப்பது கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுவதுதான், அதனால்தான் அந்த ஆழமும் வேகமும். ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874-லேயே இந்த மூச்சை விவரித்து எழுதிவிட்டார். அவர் காலத்தில் இன்சுலினும் இல்லை, இன்று நாம் அனுப்பும் ரத்த வாயுப் பரிசோதனையும் இல்லை, கட்டிலருகே நின்று பார்த்துத்தான் எழுதினார். எங்கள் இளைஞருக்குத் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். சலைன் ஏற்றி, பொட்டாசியம் பார்த்து, இன்சுலின் தொடங்கி, மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்துக்கொண்டே இருந்தோம். மூச்சு மெதுவாக இறங்கி 20-க்கு வந்தபோது, ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே அவர் தேறுகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சர்ஜரியில் ஒரு இரவு. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் இணைத்து ஆபரேஷன் செய்து சில நாள் ஆன ஒரு பெரியவர். "ஒரு மாதிரியா இருக்கு டாக்டரம்மா" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. காய்ச்சல் இல்லை, பிரஷர் சரி, வயிறு ஆபரேஷன் ஆன வயிறு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது, விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் 96 காட்டியது. சார்ட்டில் மூச்சு 18. எண்ணினேன், 28. இன்னொரு தடவை எண்ணினேன், அதே 28. சீனியர் வந்து பார்த்தார், சி.டி. எடுத்தார்கள், இணைத்த இடத்தில் கசிவு, அன்று இரவே மறுபடியும் தியேட்டர். அவர் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனார். இப்படிப்பட்ட கசிவில் காய்ச்சலும் வயிற்று இறுக்கமும் வருவதற்கு முன்னாலேயே நாடியும் மூச்சும் ஏறத் தொடங்கிவிடலாம். அந்த 96-ஐப் பார்த்து நிம்மதிப்பட்டிருந்தால் கதை வேறு. நிமிடத்துக்கு 28 தடவை மூச்சு விட்டு அவர் அந்த எண்ணைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார், உடம்பு அப்படி எவ்வளவு நேரம் தாங்கும்? 18 என்று எழுதிய சிஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த ராத்திரியில் அவர் ஒருவரே அத்தனை கட்டிலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் யாராவது எண்ணித்தான் ஆக வேண்டும், அந்த யாராவது பயிற்சி மருத்துவராக இருப்பதில் தவறே இல்லை.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய நியூஸ் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. வார்டில் இருப்பவர் மோசமாகிறாரா என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கானது. அதில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 21 முதல் 24 வரை 2 மதிப்பெண். 25-ஐத் தொட்டாலோ, 8-க்கு இறங்கினாலோ 3. ஏதாவது ஒரே ஒரு அளவுக்கு 3 வந்தாலும் மருத்துவர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. இப்போது யோசித்துப் பாருங்கள், அந்தப் பெரியவருக்கு எண்ணாமல் 18 என்று போட்டால் மதிப்பெண் பூஜ்யம், எண்ணினால் 3. எவ்வளவு நல்ல முறையைக் கொண்டுவந்தாலும் உள்ளே போடும் எண் பொய்யாக இருந்தால் அது கண்ணை மூடிக்கொண்டுவிடும்.

எண்ணுவதற்கு ஒரு வழி சொல்கிறேன், எல்லாச் சீனியரும் சொல்லித்தருவதுதான். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ மாற்றிவிடுங்கள். மூச்சை எண்ணுகிறேன் என்று சொன்னால் யாருக்குமே மூச்சு மாறிவிடும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதும் வேண்டாம், ஒன்று தவறினால் நான்கு தவறும். விநாடி முள் இருக்கும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஃபோனை எடுத்தால் அதில் நூறு மெசேஜ் நிற்கும்.

லேபர் வார்டில் வேகமான மூச்சைவிட மெதுவான மூச்சுக்குத்தான் பயப்படக் கற்றேன். கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வரும் ஆபத்தில் இருக்கும் பெண்களுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் கொடுப்போம். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு 2002-ல் வெளிவந்தது, இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று அதில் தெளிவானது. அவ்வளவு நல்ல மருந்து, ஆனால் உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடும். அதனால் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும், முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா, சிறுநீர் போதுமான அளவு வருகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா. முதலில் முழங்கால் உதறல் மறையும், மூச்சு அதற்குப் பிறகுதான் குறையும், அதனால் எச்சரிக்கை கிடைக்க நேரம் இருக்கிறது, பார்க்கிறவருக்கு மட்டும். மெக்னீசியம் அதிகமானால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஒரே பெண்ணின் அருகில் சுத்தியலும் கடிகாரமுமாக உட்கார்ந்திருப்பது சலிப்பான வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நான் அங்கே உட்கார்ந்திருப்பதால் ஒரு அம்மா பத்திரமாக இருக்கிறார் என்பது நேராகவே தெரிந்தது.

அதே அறையில், சில மணி நேரத்தில், இன்னொரு மூச்சு. குழந்தை பிறந்து அழவில்லை என்றால் அறையே அமைதியாகிவிடும், "ஏன் அழல, ஏன் அழல?" என்று அம்மா மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார். துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, அப்படியும் மூச்சு வரவில்லை என்றால் பிறந்து ஒரு நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்தெல்லாம் தேவைப்படாது, நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி காற்று போனாலே போதும், இதயத் துடிப்பு தானாக ஏறும். பிறந்த குழந்தைக்கு நாம் போடும் ஆப்கார் மதிப்பெண்ணை 1953-ல் வெளியிட்ட வர்ஜீனியா ஆப்கார் குழந்தை மருத்துவர் அல்ல, மயக்க மருந்து நிபுணர். பிரசவ அறைக்குள் வந்து எல்லாரும் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குழந்தையையும் பார்க்கச் சொன்னவர் அவர். இன்னொரு துறையிலிருந்து வருகிறவருக்குத்தான் சில விஷயங்கள் கண்ணில் படும் போலிருக்கிறது, சுற்றிச் சுற்றி வரும் எங்களுக்கும் அந்த வாய்ப்பு உண்டு.

குழந்தைகள் பிரிவில் எண்ணுவது தனிக் கலை. வயதுக்கு ஏற்ப எல்லை மாறும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. அழுகிற குழந்தையிடம் எண்ணிய எண்ணுக்கு மதிப்பே இல்லை. அம்மா மடியிலேயே விட்டுவிட்டு, சட்டையை மட்டும் மெதுவாகத் தூக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை வெளியே எடுக்காமல், தள்ளி நின்று எண்ண வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே ஒட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019-ல் மட்டும் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏழு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் நிமோனியாவில் இறந்தார்கள் என்கிறது அதே நிறுவனம், அந்த வயதில் நிகழ்ந்த மரணங்களில் 14 சதவீதம். எக்ஸ்ரே இல்லாத இடத்தில்கூடக் கடிகாரமும் பொறுமையும் இருந்தால் நிமோனியாவைச் சந்தேகிக்க முடியும் என்பதுதான் என்னைப் பாதித்தது. ஓ.பி.யிலிருந்து அனுப்பும்போது ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்வேன், "மூச்சு வேகமா வாங்கினாலோ, பால் குடிக்காம போனாலோ, காலைல வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா, உடனே தூக்கிட்டு வந்துடுங்க." எவ்வளவு நீண்ட வரிசை நின்றாலும் இந்த ஒரு வாக்கியத்தை விடக் கூடாது.

மயக்க மருந்துப் பிரிவைப் பற்றி நிறையப் பேர் அங்கே கற்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறு. அங்கேதான் மூச்சும் ஆக்ஸிஜன் எண்ணும் வேறு வேறு என்பதைக் கண்ணால் பார்த்தேன். மயக்கம் கொடுக்கும் முன் சில நிமிடம் சுத்த ஆக்ஸிஜனை மாஸ்க்கில் கொடுப்பார்கள். மருந்து போனதும் நெஞ்சு அசைவது நின்றுவிடும், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கோடு தட்டையாகிவிடும், ஆனால் விரலில் மாட்டிய கருவி 100, 100, 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். நுரையீரலில் நிரப்பிவைத்த ஆக்ஸிஜன் சில நிமிடம் தாங்குகிறது. அதைப் பார்த்தபிறகு வார்டில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியின் 98-ஐ நான் முன்புபோல் நம்புவதில்லை. வலி மருந்தான மார்ஃபின் போட்டுத் தூங்குகிறவர் நிமிடத்துக்கு 7 தடவை மூச்சு விட்டுக்கொண்டு, மூக்கில் ஆக்ஸிஜனோடு 98 காட்ட முடியும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும்.

காஷுவாலிட்டியிலும் மனநலப் பிரிவிலும் இது தினமும் வேலைக்கு வரும். படபடப்பு, மூச்சு முட்டுகிறது என்று வரும் இளம்பெண்ணுக்கு "டென்ஷன்தான்" என்று யாராவது சட்டென்று சொல்லிவிடுவார்கள். பேனிக் அட்டாக்காக இருக்கலாம், அப்படியே இருந்தாலும் அந்தத் துன்பம் நிஜம். நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம், அமிலம் சேர்ந்ததாகவும் இருக்கலாம். பேசி அமைதியானபின் மறுபடியும் எண்ணிப் பார்த்து, அப்போதும் இறங்கவில்லை என்றால் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். கொந்தளிப்பில் இருந்தவருக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்தபின் வார்டே நிம்மதிப் பெருமூச்சு விடும், ஆனால் அந்த நோயாளி விடும் மூச்சை எண்ண வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. எலும்பு முறிவுப் பிரிவிலும் ஒன்று உண்டு. தொடை எலும்பு உடைந்த இளைஞர் ஓரிரு நாளில் திடீரென்று குழப்பமாகப் பேசி, மூச்சும் வேகமாகி, நெஞ்சிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், எலும்பிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

சில மூச்சுகளை எண்ணித் தடுக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் இருப்பவரின் மூச்சு மெல்ல ஆழமாகி, மெல்ல அடங்கி, கொஞ்ச நேரம் நின்று, மறுபடியும் தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனோ மகளோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். இது இப்படித்தான் போகும், நின்று நின்று வரும், அவருக்கு இப்போது வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று முன்னாலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டால் அவர்களால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க முடிகிறது. சொல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து நம்மைக் கூப்பிடுவார்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், எத்தனை வேலை இருந்தாலும்.

இப்போது தூக்கம். களைத்துப்போனவர் ரத்தம் எடுப்பதை விடமாட்டார், எடுக்கவில்லை என்றால் தெரிந்துவிடும். முதலில் விட்டுப்போவது யாரும் சரிபார்க்காத வேலைதான், மூச்சை எண்ணுவது அதில் முதல் இடத்தில் இருக்கிறது. 1984-ல் நியூயார்க்கில் லிபி சியோன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார், பயிற்சி மருத்துவர்களின் நீண்ட டூட்டி பற்றிய கேள்வி அங்கிருந்து பெரிதாகி, 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, 2003-ல் அமெரிக்கா முழுவதும் அந்த வரம்பு வந்தது. 2004-ல் வந்த ஓர் ஆய்வில், ஐ.சி.யூ.வில் 24 மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து டூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்கள், குறைந்த நேரம் பார்த்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தது தெரிந்தது. தூக்கமில்லாமல் நிற்பதுதான் பயிற்சி, நாங்களெல்லாம் அப்படித்தான் வந்தோம் என்கிற பேச்சை நான் ஏற்கவில்லை. அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பேச்சின் விலையைக் கட்டிலில் இருப்பவர்தான் கொடுக்கிறார்.

டூட்டி நேரம் குறைந்தால் நோயாளிகள் ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுவது கூடும், அது உண்மை. அதற்குப் பதில் ஒழுங்காகக் கைமாற்றுவதுதான். ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவில் ஐ-பாஸ் என்ற முறைப்படி கைமாற்றிப் பார்த்தார்கள், முதலில் யார் மோசமாக இருக்கிறார், அப்புறம் சுருக்கம், செய்ய வேண்டியவை, என்ன நடக்கலாம், கடைசியில் கேட்டவர் திருப்பிச் சொல்வது. மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் எழுதினார்கள். நான் இரவு டூட்டிக்காரரிடம் வார்டை விடும்போது சந்தேகமான நோயாளிக்கு மூச்சை வரிசையாகச் சொல்வேன், காலையில் 18, மதியம் 22, இப்போது 26. தனி 26-ஐவிட அந்த ஏற்றம்தான் அவரை அந்தக் கட்டிலுக்கு முதலில் போகவைக்கும்.

சீனியரை ராத்திரியில் எழுப்பலாமா வேண்டாமா என்று எல்லாப் பயிற்சி மருத்துவரும் தவிப்பது தெரியும். எழுப்புங்கள். அழைக்கும்போது "நோயாளி கொஞ்சம் டல்லா இருக்கார் சார்" என்று தொடங்கினால் அவருக்கு ஒன்றும் புரியாது, திட்டும் கிடைக்கலாம். "சார், ஆபரேஷன் ஆகி நாலாவது நாள், மூச்சு 28, நானே ரெண்டு தடவை எண்ணினேன், சாயங்காலம் 20 இருந்தது, ஆக்ஸிஜன் 96, நீங்க வந்து பாக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். இதுவரை எனக்கு யாரும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.